சிற்றில் கட்டுவோம்

மணலைக் குவித்துச் சிறு வீடு கட்டி விளையாடிய சிறுமியரைச் சங்கப் பாடல்களில் பல இடங்களில் காண்கிறோம். அவ்வீட்டிற்குச் சிற்றில் என்று பெயர். மூன்று உருளை கொண்ட சிறிய தேரை உருட்டிய சிறுவரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அதற்குச் சிறுதேர் என்று பெயர். பிற்காலத்துப் புலவர்கள் சிற்றில் சிதைத்தலையும் சிறுதேர் உருட்டலையும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களாகவே வகுத்துவிட்டனர். ஆகவே பெரியதொன்றைச் சிறியதாகச் செய்து பார்த்து மகிழும் ஆசை கப்பலேறி வந்து நமக்குக் கிடைத்ததன்று. நம் மண்ணிலேயே பிறந்தது.

அந்த ஆசைக்கு ஓர் அளவுகோலையும் நம் முன்னோர் வைத்தனர். பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு விளையாட்டுத் தேர் வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்யப்பட்ட தேர் என்கிறார் புலவர். எவ்வளவு நுட்பமான பாராட்டு! தேரை அறியாத பிள்ளை எந்தத் தேரைக் கண்டாலும் கைகொட்டும். உளியும் இழைப்புளியும் நடுவே வளர்ந்த பிள்ளை அப்படி மயங்காது. அதுவும் விரும்பிற்று என்றால் அத்தேர் மெய்யான வேலை என்பது பொருள். தொழில் அறிந்தவன் கண்ணுக்கும் தப்பாத பொருளே நல்ல மாதிரி. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். அதனை இன்றைய சிறுதேராகிய மாதிரி இரயிலை வைத்துச் சொல்கிறேன். அதிலும் ஓடும் வண்டியை விட்டுவிட்டு, ஓடாமல் நிற்கும் கட்டடங்களை வைத்துச் சொல்கிறேன்.

வண்டியை ஏன் விட வேண்டும்? எஞ்சினும் பெட்டியும் கடையில் கிடைக்கும். காசு இருந்தால் போதும். அன்றியும், ஒரே வகை எஞ்சின் காட்பாடியிலும் நிற்கும், கான்பூரிலும் நிற்கும். நிலையக் கட்டடமோ ஓர் ஊருக்கு மட்டுமே உரியது. செங்கோட்டை நிலையத்தைப் பெட்டியில் அடைத்து எந்தத் தொழிற்சாலையும் விற்காது. வேண்டுமானால் நாமே அளந்து, நாமே வெட்டி, நாமே ஒட்டிக் கட்ட வேண்டும். கைவினையின் தேர்வுக்களம் அங்கேதான் இருக்கிறது.

மாதிரிக் கட்டடத்தில் மெய்ம்மை என்பது என்ன? மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்: அளவின் மெய், பயனின் மெய், காலத்தின் மெய்.

அளவை முதலில் காண்போம். உலகெங்கும் மிகுதியாக வழங்கும் மாதிரி இரயில் அளவு எண்பத்தேழில் ஒரு பங்கு. மெய்யான பொருளில் 87 சென்டிமீட்டர் மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் ஆகும். ஐந்தரை அடி உயரமுள்ள போர்ட்டர் 19 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பார். ஏழடிக் கதவு இருபத்துநான்கரை மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் செங்கல் இரண்டரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இரு செங்கற்களுக்கு இடையே ஒரு சென்டிமீட்டர் சாந்து இருந்தால், மாதிரியில் அது தலைமயிர் ஒன்றின் பருமனை ஒட்டியது. தண்டவாளத்தின் அடியில் கொட்டும் ஐந்து சென்டிமீட்டர் சரளைக்கல், உப்புமா ரவையின் அளவாகிவிடும். இவற்றை அறியாமல் சுவரில் சாந்துக் கோட்டைப் பேனாவால் தடிப்பாக இழுத்துவிட்டால், மெய்யான சுவரில் அது நான்கு விரற்கடைக்கும் மேற்பட்ட பள்ளமாக இருக்கும். எந்தக் கொத்தனார் அப்படிக் கட்டுவார்? பார்ப்பவருக்குக் கணக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 'ஏதோ சரியில்லை' என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இந்தியருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. எண்பத்தேழில் ஒரு பங்கு அளவுக்கெனக் கடையில் விற்கும் தண்டவாளம் பதினாறரை மில்லிமீட்டர் அகலம் உடையது. அது 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்குப் பொருந்தும். நம் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதற்கு மாதிரியில் பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். மீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்திவிடும். தமிழ்நாட்டின் பழைய மீட்டர் பாதை நிலையங்களை மாதிரியாகச் செய்ய விரும்புவோர்க்கு இது நல்ல செய்தி.

அடுத்தது பயனின் மெய். இரயில் கட்டடங்கள் அழகுக்காக மட்டும் எழுந்தவை அல்ல. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு. நிலைய அதிகாரியின் அறை நடைமேடையைப் பார்த்து இருப்பது, வரும் வண்டியை அவர் காண வேண்டும் என்பதற்காக. ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி நீண்டிருப்பது, வெயிலும் மழையும் காத்திருப்போர் மேல் விழாதிருக்க. பல ஊர்களில் கூரையைத் தாங்கும் தூண் வேறொன்றுமன்று, தேய்ந்துபோன பழைய தண்டவாளமே. தண்ணீர்த் தொட்டி உயரத்தில் நிற்பது நீராவி எஞ்சின் நீர் குடிப்பதற்காக. கைகாட்டி மரம், மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்தில் ஊர்ப்பெயர், அதன் அடியில் கடல் மட்டத்திலிருந்து ஊரின் உயரம், சிவப்பு வாளியில் மணல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் அறிந்து செய்பவன் தூணைச் சரியான இடத்தில் நிறுத்துவான். அறியாதவன் எண்ணிக்கைக்காகத் தூண்களை நட்டுவைப்பான். நூறு நுணுக்கங்களைக் குவித்துவிட்டால் மெய்ம்மை வந்துவிடாது. பத்தே நுணுக்கங்கள் ஆனாலும் ஒவ்வொன்றும் 'நான் ஏன் இங்கே இருக்கிறேன்' என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.

மூன்றாவது காலத்தின் மெய். கட்டி முடித்த நாளில் இருப்பதுபோல் எந்தக் கட்டடமும் நெடுநாள் இருப்பதில்லை. மழைத்துளி தெறித்துத் தெறித்துச் சுவரின் அடியில் ஓரடி உயரத்திற்குச் செம்மண் கறை ஏறும். மேற்கு வெயில் படும் பக்கத்துச் சாயம் முதலில் வெளுக்கும். நீர் ஒழுகும் குழாயின் கீழே பாசி படரும். எஞ்சின் நின்று புகைவிடும் இடத்திற்கு நேர் மேலே கூரை கறுக்கும். பிரேக்கு உராய்ந்து உதிரும் இரும்புத் தூள் சரளைக்கல்லைக் காவியாக்கும். இவற்றைத் தீட்டுவது ஒரு கலை. ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அழுக்கே மெய்ம்மை என்று எண்ணிச் சிலர் எல்லாச் சுவரையும் கரியால் மெழுகிவிடுகின்றனர். கறைக்கும் காரணம் உண்டு. நீர் எங்கிருந்து வந்தது, காற்று எப்பக்கம் வீசிற்று, கை எந்த இடத்தில் பட்டது என்று கேளாமல் பூசிய கறை பொய்க் கறை. பளபளப்பான பொய்யைவிட அழுக்கான பொய் உயர்ந்தது என்று யார் சொன்னது?

'எல்லாம் அளவுப்படியே இருக்க வேண்டுமானால் ஒரு விடுதி அறையில் எப்படி அடங்கும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருபத்துநான்கு பெட்டி நிற்கும் 540 மீட்டர் நடைமேடை, எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கியும் ஆறு மீட்டருக்கு மேல் நீளும். இங்கே தொல்காப்பியர் நமக்குக் கைகொடுக்கிறார். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து வருவதே பாடல் சான்ற புலனெறி வழக்கம் என்றவர் அவர். உலகில் உள்ளதை உள்ளபடி கொட்டினால் அது பாட்டு ஆகாது. உள்ளதை முற்றும் துறந்தாலும் பாட்டு ஆகாது. மாதிரிக்கும் இதே விதி. நடைமேடையின் நீளத்தைக் குறைக்கலாம். இருபது தூணைப் பன்னிரண்டு ஆக்கலாம். அது நாடக வழக்கு. ஆனால் கதவின் உயரத்தையும் படியின் உயரத்தையும் செங்கலின் பருமனையும் குறைக்கக் கூடாது. அவை உலகியல் வழக்கு. மனித உடம்பு தொடும் எதுவும் மாறலாகாது. மனிதன் நடந்து கடக்கும் தொலைவு மாறலாம். நான் கண்டவரையில், நல்ல மாதிரியையும் பொம்மையையும் பிரிக்கும் கோடு இதுதான்.

இத்துறையில் உலகம் போற்றும் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் அமெரிக்கர் ஜான் ஆலன். கலிஃபோர்னியாவில் மாண்டரே என்னும் ஊரில் தம் வீட்டின் அடியறையில் ஒரு மலைநாட்டு இரயிலையே படைத்தார். கட்டடங்களுக்கும் வண்டிகளுக்கும் வயதும் தேய்மானமும் தீட்டிக் காட்டும் முறையைப் பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். அவர் 1973-இல் மறைந்தார். சில நாட்களிலேயே வீட்டில் நேர்ந்த தீயில் அப்படைப்பும் பெரும்பாலும் அழிந்தது. மற்றவர் ராய் இங்கிலாந்து. பெயர் இங்கிலாந்து என்றாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர். அங்கே ஒரு பள்ளத்தாக்கின் ஓலைவேய்ந்த பழங்குடில்கள் ஒவ்வொன்றாய் உருமாறி அழிவதைக் கண்டார். அரசுக்கு மனு எழுதி ஓயவில்லை, புலம்பவும் இல்லை. ஒவ்வொரு குடிலையும் அளந்து, படமெடுத்து, அட்டையால் எழுபத்தாறில் ஒரு பங்காகக் கட்டத் தொடங்கினார். அவர் 1954-இல் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின் தன்னார்வலர்கள் அப்பணியைத் தொடர்கின்றனர். மெய்யான குடில் போய்விட்டது. அட்டைக் குடில் சான்று சொல்கிறது.

நம் நாட்டிலும் இவ்வார்வம் இல்லாமல் இல்லை. 1977-இல் திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகம் நம் தில்லியிலேயே, சாணக்கியபுரியில் இருக்கிறது. புனே நகரில் ஜோஷி என்னும் தனிமனிதரின் வாழ்நாள் ஆர்வம் 1998-இல் சிற்றுரு இரயில் அருங்காட்சியகமாக மலர்ந்தது. கைத்திறனுக்கு நாம் வெளியே போக வேண்டியதும் இல்லை. நீர்நிலையில் விளையும் நெட்டியைச் சீவிச் சீவிப் பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் எழுப்புகின்ற தஞ்சைக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோயிலைச் செய்யும் கைக்கு ஒரு நிலையம் செய்வதா அரிது? ஆயினும் நாம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. கோபுரம் நம் பெருமை. இரயில் நிலையம் வெள்ளைக்காரன் கட்டியது என்று ஒதுக்கிவிடுகிறோம். சென்னை எழும்பூர் நிலையத்தை வரைந்தவர் ஹென்றி இர்வின் என்பது உண்மையே. ஆனால் அதை ஏற்றுக் கட்டி 1908-இல் முடித்த ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. கல்லைச் செதுக்கியதும் சாந்தைக் குழைத்ததும் நம்மவர் கைகள் அல்லவா?

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? காலம் காத்திராது என்பதால் சொல்கிறேன். பாதைகளை எல்லாம் ஒரே அகலமாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கியபின், தமிழ்நாட்டின் மீட்டர் பாதைகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. 1931 முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய மீட்டர் பாதை மின்சார வண்டி 2004-இல் விடைபெற்றது. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை 2010-இல் மூடப்பட்டு, 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தது. நீலகிரி மலை இரயில் ஒன்றே மீட்டர் பாதையில் எஞ்சி நிற்கிறது. எழும்பூர், மதுரை, இராமேசுவரம், காட்பாடி, கன்னியாகுமரி நிலையங்களைப் புதுப்பிக்க 2022-இல் அடிக்கல் நாட்டினர். நாடெங்கும் 508 நிலையங்களுக்கு 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் அடிக்கல் நாட்டினர். நம் துவாரகாவின் ஓரத்தில் இருக்கும் பிஜ்வாசனும் பெரிய முனையமாக உருமாறும் வேலையைத் தொடங்கிவிட்டது. 1873-இல் தில்லியிலிருந்து ரேவாரிக்கு மீட்டர் பாதையாகத் திறந்த தடம் அது.

புதியது வேண்டாம் என்பது என் வாதமன்று. மின்தூக்கியும் தூய கழிப்பறையும் நல்ல நிழலும் மக்களுக்கு வேண்டும். படியேற முடியாத பாட்டியிடம் பழைமையின் அழகைப் பேசுவது கொடுமை. ஆனால் போவது எது என்று தெரிந்து போக வேண்டும். தனுஷ்கோடியை எண்ணிப் பாருங்கள். 1964 டிசம்பர்ப் புயல் ஒரே இரவில் ஊரையும் வண்டியையும் கொண்டுபோயிற்று. இன்று அங்கே போகிறவன் காண்பது உடைந்த சில சுவர்களையே. அந்தச் சுவருக்குப் பின்னால் எந்த அறை இருந்தது, கப்பலுக்குப் போகிறவர்கள் எந்த வாயில் வழியே நடந்தனர் என்பதை அந்த இடிபாடு சொல்வதில்லை. புயலுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போகலாம். இடித்துக் கட்டும் வேலைக்கு ஒப்பந்த அறிவிப்பாவது வருகிறது. அந்த இடைவெளி நமக்குப் போதாதா?

'புகைப்படம் எடுத்தால் போதுமே' என்பர் சிலர். புகைப்படம் ஒரு பக்கத்தைக் காட்டும். மாதிரி செய்பவன் நான்கு சுவரையும் எழுப்பியாக வேண்டும். பின்பக்கம் சன்னல் உண்டா? கூரை நீர் எங்கே விழுகிறது? சீட்டுக் கொடுக்கும் அறைக்குள் எழுத்தர் எந்தக் கதவால் நுழைந்தார்? படம் எடுப்பவனுக்கு இக்கேள்விகள் எழுவதில்லை; அட்டையை வெட்டுபவனுக்கு எழாமல் தீராது. அறியாமையை மறைக்க இடம் தராத கலை இது. ஆகவேதான் இதைப் படிப்பு என்கிறேன்.

'இது குழந்தை விளையாட்டுத்தானே, அண்ணா?' என்று நம் மன்றத்துத் தம்பி ஒருவர் கேட்டார். ஆம், தம்பி, விளையாட்டுத்தான். ஆனால் விளையாட்டிலும் நேர்மை உண்டு. நம் வளாகங்களில் நடப்பதைச் சற்றே பாருங்கள். ஆண்டுத் தேர்வுக்குச் செய்து காட்ட வேண்டிய மாதிரியை, பணம் கொடுத்துக் கடையில் செய்து வாங்கும் வழக்கம் வளர்ந்துவிட்டது. சுவர் வழவழவென்று இருக்கும். மரம் பச்சைப் பசேலென்று இருக்கும். தூண் ஏன் அங்கே இருக்கிறது என்று ஆசிரியர் கேட்டால் மாணவன் தலையைச் சொறிவான். மதிப்பெண் வருகிறது, அறிவு வரவில்லை. நம் பொங்கல் விழாவை மட்டும் விட்டுவிடலாமா? தெர்மாகோலில் ஒரு கோபுரம் வெட்டி நிறுத்துகிறோம். எந்தக் கோயிலின் கோபுரம் அது? எத்தனை நிலை? யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டின் அடையாளம் என்கிறோம். அடையாளம் காண முடியாத ஒன்றை அடையாளம் என்பது எப்படிப் பொருந்தும்? ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் நமக்கு ஊர் நினைவு எளிதில் மங்கலாகும். மங்கலான நினைவையே பக்தி என்று கொண்டாடத் தொடங்கினால், சில ஆண்டுகளில் ஊர் நமக்கு ஒரு தெர்மாகோல் துண்டாகிவிடும்.

கருவிகளை நான் பழிக்கவில்லை. லேசர் கொண்டு வெட்டலாம். முப்பரிமாண அச்சில் வார்க்கலாம். உளி மாறினால் தச்சன் மாறிவிடுவதில்லை. அளந்தவன் யார், அறிந்தவன் யார் என்பதே கேள்வி. பிறர் வரைந்த கோப்பை இறக்கி அச்சிடுபவன் அச்சுக்காரன். தானே அளந்து வரைந்து அச்சிடுபவன் கைவினைஞன். கருவி இல்லாதவர்க்கும் வழி உண்டு. சாவ்ரி பஜாரில் எல்லா வகை அட்டையும் கிடைக்கும். தூணுக்கு ஈர்க்கு, சட்டத்திற்குத் தீக்குச்சி, சரளைக்கு ரவை, காவிக்குச் செங்கல் தூள். கூர்மையான கத்தியும் இரும்பு அடிகோலும் பொறுமையும் இருந்தால் ஒரு சிற்றூர் நிலையத்தைக் கட்டிவிடலாம். முப்பது மீட்டர் நீளமுள்ள நிலையம் ஓரடியைச் சற்றே தாண்டும். படிப்பு மேசையின் ஒரு மூலை போதும்.

ஆகவே மன்றத்திற்கு ஒரு விண்ணப்பம். வரும் கோடை விடுமுறையில் நம்மில் பலர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும் திருக்குறள் எக்ஸ்பிரஸிலும் ஊருக்குப் போவோம். ஒவ்வொருவரும் தம் ஊருக்கு அருகிலுள்ள சிறிய பழைய நிலையம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். நிலைய அதிகாரியைக் கண்டு, காரணம் சொல்லி, அனுமதி பெறட்டும். அளவு நாடாவைப் பிடிக்க ஒரு தம்பியையோ தங்கையையோ உடன் அழைத்துப் போகட்டும். சுவர், கதவு, சன்னல், படி, கூரையின் சாய்வு, தூண்களின் இடைவெளி எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியர் ஊரில் இருந்தால், அவரைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்கட்டும்: 'ஐயா, விளக்கறை எங்கே இருந்தது? கைகாட்டியை எங்கிருந்து இழுத்தீர்கள்?' திரும்பி வந்தபின் கூடிக் கட்டுவோம். அடுத்த பொங்கல் விழாவில் பெயர் தெரியாத கோபுரத்திற்குப் பதிலாகப் பெயர்ப்பலகையோடு கூடிய ஐந்தாறு நிலையங்கள் மேசையில் நிற்கட்டும்.

அவற்றைப் பாராட்ட அமைச்சரும் வேண்டாம், நடிகரும் வேண்டாம். தில்லியில் இரயில்வேயில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்களில் ஒருவரை அழைப்போம். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, 'விளக்கறைக் கதவு வெளிப்பக்கமாக அல்லவா திறக்கும்?' என்று ஒரு குறை சொல்வாரானால், அதுவே நமக்குப் பரிசு. மற்ற எல்லாவற்றையும் அவர் மெய்யென ஏற்றுக்கொண்டார் என்று பொருள். கதவை அன்றிரவே மாற்றி ஒட்டிவிடலாம்.